பாலம் பார்த்து வழி பிரித்தல்

மட்டக்களப்பின் நாவற்குடாவில் களஞ்சியம் வைத்திருக்கும் விநியோகத்தருக்கு வாவியின் இரு கரையிலும் கடைகள் இருக்கும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி எனப் பிரதான வீதியோடு ஒட்டி நிற்பது எழுவான்கரை. கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, அம்பிளாந்துறை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் என வயலுக்குள் பரந்து கிடப்பது படுவான்கரை. நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவி. சரக்கு வாகனத்தோடு அதைக் கடக்கச் சில பாலங்கள்தான் உண்டு.

வழி திட்டமிடும் மென்பொருள் எதை வாங்கினாலும் இந்த மண்ணில் அது முதலில் பிழைக்கும் இடம் வாவிதான். கடைகளைத் தூரத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், பாலத்தைப் பார்த்துப் பிரியுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பது பற்றியதே. மற்ற அமைப்புகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இது தவறினால் மென்பொருள் தரும் திட்டத்தை முதல் வாரத்திலேயே சாரதி மடித்து வைத்துவிடுவார். அதன்பின் அவரை மறுபடி நம்பவைப்பது கடினம்.

மென்பொருள் தூரத்தை எப்படி அளக்கிறது

லொறிகளுக்கு வழி பிரிக்கும் பிரச்சினையை முதலில் கணிதமாக எழுதியவர்கள் ஜோர்ஜ் டான்சிக், ஜோன் ராம்சர் ஆகிய இருவர். ஒரு களஞ்சியத்திலிருந்து பல எரிபொருள் நிலையங்களுக்குப் பெற்றோல் பவுசர்களை எப்படி அனுப்புவது என்பதே 1959இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் கேள்வி. 1964இல் கிளார்க், ரைட் என்ற இருவர் அதற்குக் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு முறையைத் தந்தார்கள். இன்று விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் பலவற்றிலும் அந்த முறையின் சாயல் இருக்கிறது. ஆகவே அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டு கடைகளுக்குத் தனித்தனியே போய்வருவதற்குப் பதிலாக ஒரே ஓட்டத்தில் இரண்டையும் முடித்தால் எவ்வளவு மிச்சம்? களஞ்சியத்திலிருந்து முதலாம் கடைக்கான தூரத்தையும் இரண்டாம் கடைக்கான தூரத்தையும் கூட்டி, இரு கடைகளுக்கும் இடையிலான தூரத்தைக் கழியுங்கள். வருவதுதான் மிச்சம். மிச்சம் கூடிய சோடிகளை மென்பொருள் முதலில் இணைக்கும்.

இதைக் குருக்கள்மடத்துக் கடை ஒன்றுக்கும், வாவிக்கு எதிர்க்கரையில் அம்பிளாந்துறையில் உள்ள கடை ஒன்றுக்கும் போட்டுப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காகச் சுற்றெண்களை வைத்துக்கொள்கிறேன். களஞ்சியத்திலிருந்து குருக்கள்மடம் 15 கிலோமீற்றர். மண்முனைப் பாலத்தால் அம்பிளாந்துறை 20. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 3. மிச்சம் 15 + 20 - 3 = 32 என்று வரும். இவ்வளவு பெரிய மிச்சத்தைக் கண்டால் எந்த மென்பொருளும் இரண்டு கடைகளையும் உடனே ஒரே ஓட்டத்தில் போட்டுவிடும். ஆனால் லொறி நேர்கோட்டில் ஓடாது. குருக்கள்மடத்திலிருந்து பாலத்துக்குத் திரும்பும் சந்திவரை 9 கிலோமீற்றர் பின்னால் வந்து, அங்கிருந்து அம்பிளாந்துறைக்கு 14 போனால் 23 ஆகிறது. உண்மையான மிச்சம் 12 மட்டுமே. அந்த 12உம் நாவற்குடாவிலிருந்து சந்திக்குப் போய்வரும் பொதுவான துண்டுதான். எதிரெதிர்க் கரையில் இருப்பதால் இந்த இரண்டு கடைகளுக்கும் கிடைத்த இலாபம் எதுவுமில்லை.

நேர்கோட்டுத் தூரத்தால் கணக்குப் போடும் மலிவான செயலிகள் இன்னும் விற்பனையில் உள்ளன. சமவெளி நகரம் ஒன்றில் அவை ஓரளவு ஒப்பேறும். வாவிக்கரையில் அவற்றுக்குச் செலவழிக்கும் காசு வீண். விற்பனையாளர் வந்தால் முதல் வேலையாக இந்தச் சோடியைக் கொடுத்துப் பாருங்கள்: குருக்கள்மடத்தில் ஒரு கடை, அம்பிளாந்துறையில் ஒரு கடை. அடுத்தடுத்து இரண்டையும் போட்டுவிட்டுச் சில நிமிட ஓட்டம் என்று திரை காட்டினால் அந்த மென்பொருளை அத்தோடு விட்டுவிடலாம்.

கடவைகள்

கடைப் பட்டியலில் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘கடவை’ என்று ஒரு நிரல் சேருங்கள். ஒவ்வொரு கடைக்கும் எந்தப் பாலத்தால் போகவேண்டும் என்பதை அதில் எழுதுங்கள். நாவற்குடாவிலிருந்து பார்த்தால் பிரிவுகள் இப்படி அமையும்.

காத்தான்குடியிலிருந்து தெற்கே கல்முனைத் திசையில் பிரதான வீதியோடு இருக்கும் கடைகளுக்குக் கடவை இல்லை. மட்டக்களப்பு நகரம், ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனைப் பக்கம் எல்லாம் கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் வாகனம் போக முடிந்தது. 2013இல் புதிய பாலம் வந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனாலும் காலையில் நகரத்துக்குள் நுழையும் வாகனமெல்லாம் அதில்தான் சேரும். வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கம் போக கல்லடியையும் கடந்து, நகரத்துக்கு அப்பால் வலையிறவுப் பாலத்தையும் கடக்கவேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு மண்முனைப் பாலம். 2014இல் அது திறக்கும்வரை அந்தத் துறையில் படகுப்பாதையை நம்பியிருந்த ஊர்கள் இன்று நாவற்குடாக் களஞ்சியத்துக்கு மிக வசதியான படுவான்கரைச் சந்தை. பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்துக்குக் களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் பட்டிருப்புப் பாலம்.

மண்முனைக்கும் பட்டிருப்புக்கும் நடுவே இருக்கும் படுவான்கரைக் கடைகளை இரண்டு கடவைக்கும் உரியவையாகக் குறியுங்கள். அவைதான் திட்டத்துக்கு நெகிழ்வு தருபவை. மண்முனையால் உள்ளே போய், படுவான்கரை நெடுகத் தெற்கே இறக்கிக்கொண்டு, பட்டிருப்பால் வெளியே வந்து, திரும்பும்போது களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம் கடைகளை முடிக்கும் சுற்று ஒன்றை இவற்றை வைத்து அமைக்கலாம். இரண்டு கரையையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்க நான் சம்மதிக்கும் ஒரே முறை இதுதான். பாலத்தால் போய் அதே பாலத்தால் திரும்பும் ஓட்டத்தில் மறுகரைக் கடையைச் சொருகாதீர்கள்.

பெரும்பாலான மென்பொருள்களில் ‘வலயம்’ அல்லது ‘பிரதேசம்’ என்ற பெயரில் ஒரு புலம் இருக்கும். கடவையின் பெயரை அதில் ஏற்றினால் போதும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் ‘திறன்’ என்ற புலத்தைத் தேடுங்கள். குளிரூட்டிய சாமானைக் குளிரூட்டிய வாகனத்துக்கே கொடுப்பதற்காக வைத்த வசதி அது. அதில் வாகனத்துக்கு ‘மண்முனை’ என்ற திறனைக் கொடுத்து, கடைக்கும் அதே திறன் வேண்டும் என்று குறித்தால் அந்தக் கடை வேறு வாகனத்துக்குப் போகாது.

படகுப்பாதைகளைப் பற்றி. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே ஒன்று, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஒன்று. வரைபடத்தில் இவை வீதியைப் போல இணைப்பாகப் பதிவாகியிருக்கும். மென்பொருள் அதைக் கண்டால் லொறியைத் தண்ணீருக்கு அனுப்பும். ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது பெரிய உதவி. சிறு பொதி ஒன்றை மோட்டார் சைக்கிளில் அனுப்புகிறவர் பயன்படுத்தலாம். சரக்கு ஏற்றிய வாகனத்துக்கு அதை நம்பித் திட்டமிடவேண்டாம். வழி அமைப்புகளில் படகுச் சேவையைத் தவிர்க்கும் தெரிவு இருக்கும், லொறிக்கு அதை எப்போதும் தெரிவுசெய்து வையுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் திறந்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

வரைபடமும் ஊசியும்

நாவற்குடாவில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. 2012, 2013 காலத்தில் உலக வங்கியின் திறந்த நகரங்கள் திட்டத்தின் கீழ், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகமும் சேர்ந்து இந்தப் பிரதேசத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தில் ஏற்றின. காத்மண்டு, டாக்கா ஆகிய நகரங்களோடு மட்டக்களப்பும் அந்தத் திட்டத்தில் இருந்தது. வெள்ளமும் சுனாமியும் கண்ட இடத்தில் எந்தக் கட்டடம் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஏறத்தாழ 30,000 கட்டடங்களைச் செய்மதிப் படத்தின் மேல் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். அனர்த்தத்துக்காகச் செய்த அந்த உழைப்பு இன்று சாமான் கொண்டுபோகிறவருக்கும் கைகொடுக்கிறது. கட்டணமில்லாமல் கிடைக்கும் வழிக்கணிப்பு மென்பொருள்கள் பல அந்த வரைபடத்தின் மேல்தான் ஓடுகின்றன.

பிரதேச எல்லையைத் தாண்டினால் அதே நுணுக்கம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். படுவான்கரையில் உங்கள் கடை நிற்கும் ஒழுங்கை வரைபடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே கணக்குத் திறந்து வரைந்துவிடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், மென்பொருள் வரைபடத்தில் கடையைக் குறிக்கும் ஊசியை எடுத்து அதற்கு மிகக் கிட்டிய வீதியோடு ஒட்டவைத்துக் கணக்குப் போடுகிறது. வாவியோரக் கடைக்குப் போகும் ஒழுங்கை வரைபடத்தில் இல்லையென்றால், குடாவுக்கு அப்பால் இருக்கும் வீதியே கிட்டியதாக அமைந்துவிடலாம். திட்டத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். வாகனம் தண்ணீருக்கு மறுபக்கத்தில் போய் நிற்கும்.

முகவரியைத் தட்டெழுதித் தேடவேண்டாம். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். கிராமத்து வீடுகளுக்கு இலக்கமும் குறைவு. சாரதியோ விற்பனைப் பிரதிநிதியோ கடை வாசலில் நின்று கைத்தொலைபேசியில் இடத்தைப் பதிந்து அனுப்பட்டும். அந்த எண்களை ஏற்றும்போது வரிசையைக் கவனியுங்கள். நாவற்குடாவின் அட்சரேகை 7.7ஐ அண்டியது, தீர்க்கரேகை 81.7ஐ அண்டியது. கூகுள் வரைபடம் அட்சரேகையை முதலில் எழுதும். ஓப்பன் ரூட் சர்வீஸ், வ்ரூம் போன்ற கருவிகள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் உங்கள் கடை ஆர்க்டிக் சமுத்திரத்துக்குப் போய்விடும். ‘வழி இல்லை’ என்ற பிழைச்செய்தி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சுமையும் இறக்கும் நேரமும்

பட்டா ரகச் சிறு லொறியின் சுமைத்திறன் சுமார் 750 கிலோ. அரிசி, சீனி, போத்தல் தண்ணீர் போன்றவற்றை ஏற்றும்போது நிறைதான் எல்லை. பிஸ்கட், நூடில்ஸ் பெட்டிகளுக்கு நிறை வருமுன் இடம் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் கிலோவையும் பெட்டி அளவையும் இரண்டையும் கொடுங்கள். கடைசியில் இறங்குவது உள்ளே போகவேண்டும். மென்பொருள் தரும் ஓட்ட வரிசையைத் தலைகீழாக அச்சிட்டுக் களஞ்சியத்தில் ஒட்டினால் அதுவே ஏற்றும் வரிசை.

இறக்கும் நேரத்தை மென்பொருள் எல்லாக் கடைக்கும் ஒரே அளவாக வைத்திருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பெட்டியை எண்ணி, பில்லைச் சரிபார்த்து, திகதி முடிந்த சாமானையும் காலிப் போத்தலையும் திரும்ப எடுத்து, பழைய கடனையும் வாங்கிக்கொண்டு வர எவ்வளவு ஆகிறது என்பது கடைக்குக் கடை மாறும். சாரதியைக் கேட்டு ஒவ்வொரு கடைக்கும் தனி எண் போடுங்கள்.

காத்தான்குடிக்கு இன்னொரு கவனம் வேண்டும். நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியில் எதிர்ப்பக்கக் கடைக்கு நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அமெரிக்காவில் யுபிஎஸ் நிறுவனம் தன் வாகனங்கள் இடப்பக்கம் திரும்புவதை இயன்றவரை தவிர்க்கிறது. அங்கே வாகனம் வலப்பக்கமாக ஓடுவதால் இடப்பக்கம் திரும்புவது எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுக்கும். நமக்கு அது வலப்பக்கத் திருப்பம். தெற்கே போகும்போது இடப்பக்கக் கடைகள், திரும்பி வரும்போது மற்றப் பக்கம் என்று பிரியுங்கள். கடை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே வந்து நிற்கும் தெரிவு நல்ல மென்பொருள்களில் இருக்கும். உள் ஒழுங்கைகளுக்குப் பட்டாவா முச்சக்கரவண்டியா என்று கடைப் பட்டியலிலேயே குறித்துவிடுங்கள்.

மணியும் நாளும்

பாடசாலை தொடங்கும் 7.30க்கு முந்திய அரை மணியும், விடும் 1.30ஐ ஒட்டிய நேரமும் கல்லடி–காத்தான்குடி வீதியில் தவிர்க்கவேண்டியவை. அந்த நேரத்தில் பிள்ளைகள் வீதியில் நிற்பார்கள், அதுவே போதுமான காரணம். படுவான்கரை ஓட்டத்தை 6.30க்குள் பாலம் கடக்கும்படி அனுப்பினால் இந்த நெரிசல் இடைமறிக்காது. காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை மூடிய நேரமாகப் பதியுங்கள். நோன்பு மாதத்துக்கு அந்தக் கடைகளின் நேர அட்டவணையையே வேறாக வைத்திருப்பது நல்லது. கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம், மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா, ஆடி அமாவாசையில் மாமாங்கம் ஆகிய நாட்களை வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். திருவிழாவுக்கு முந்திய வாரம் கடைகள் இரட்டிப்பாகக் கேட்கும். திருவிழா நாளில் வாகனம் உள்ளே போகாது.

படுவான்கரையில் கடைசி இறக்கம் மாலை 5 மணிக்குப் பிந்தாதபடி கட்டாய எல்லை ஒன்று வையுங்கள். வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கங்களில் பொழுதுபடும்போது யானை வீதிக்கு வரும். இந்த எல்லையை ‘முடிந்தால்’ என்ற வகையில் போடாதீர்கள். மீறினால் திட்டமே ஏற்கப்படாது என்ற வகையில் போடுங்கள். ஒரு கடை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போவதைச் சகிக்கலாம். இருட்டில் சாரதியையும் உதவியாளரையும் யானைக்கு முன்னால் நிறுத்த முடியாது.

பெரும்போக அறுவடைக் காலத்தில் உள்வீதிகளில் ஒரு பக்கம் நெல் காயும், உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் ஊரும். அந்த வாரங்களுக்கு வேகத்தைக் குறைத்துப் போடுங்கள். மென்பொருள் வரைபடத்திலிருந்து ஊகிக்கும் வேகத்தை விட உங்கள் வாகனமே பதிந்த வேகம் நம்பத்தகுந்தது.

மாரி

கார்த்திகை முதல் தை வரை தனித் திட்டம் வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் வவுணதீவுப் பக்கத் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் ஏறும். நவகிரிக் குளம் நிரம்பினால் வெல்லாவெளி–மண்டூர் வீதி. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி பல மாரிகளில் துண்டிக்கப்பட்டு, மக்கள் படகில் போய்வருகிறார்கள். இவையெல்லாம் மறுபடி மறுபடி அதே இடங்களில் நடப்பவை. ஆகவே முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம்.

தாழ்ந்த துண்டுகள் ஒவ்வொன்றையும் சுற்றி வரைபடத்தில் ஒரு பல்கோணம் வரைந்து பெயரிட்டுச் சேமியுங்கள். ஓப்பன் ரூட் சர்வீஸ் போன்றவற்றில் இப்படி வரைந்த பரப்பைத் தவிர்க்கச் சொல்லலாம். வான்கதவு திறக்கும் அறிவித்தல் வந்ததும் அந்தப் பல்கோணத்தைச் செயற்படுத்தினால் மென்பொருள் சுற்றுவழி தேடும். வழியே இல்லையென்றால் எந்தக் கடைகள் தனித்துப்போகின்றன என்ற பட்டியலாவது கையில் இருக்கும். அந்தக் கடைகளுக்கு மழை பிடிக்குமுன், கார்த்திகைத் தொடக்கத்திலேயே அரிசி, மா, பால்மா, மெழுகுவர்த்தி ஆகியவற்றைக் கூடுதலாக இறக்குங்கள். வெள்ளத்தில் அகப்பட்ட ஊருக்கு அந்தக் கடைதான் முதல் நிவாரணக் களஞ்சியம். இந்த மென்பொருளால் கிடைக்கும் பயன்களில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

எதை வாங்குவது

கூகுள் வரைபடத்தில் தொடக்கத்தையும் சேர்த்து 10 இடங்கள் வரை கொடுக்கலாம். கொடுத்த வரிசையில் வழி காட்டும், வரிசையை அது மாற்றித் தராது. 10 கடைகளை 36 இலட்சத்துக்கு மேற்பட்ட விதங்களில் வரிசைப்படுத்தலாம் என்பதால் அந்தத் தெரிவைக் கையால் செய்வது பழகிய சாரதிக்கே இயலும். ஒரு வாகனமும் ஒரு கடவையும் மட்டும் உள்ளவருக்கு அந்தச் சாரதியும் எக்செல் தாளும் போதும். இரண்டு வாகனம், மூன்று கடவை என்று வளர்ந்தபின் வாங்குங்கள். பெரும்பாலானவை வாகனம் ஒன்றுக்கு மாதக் கட்டணத்தை டொலரில் வாங்குகின்றன. ரூபா விழுந்தால் செலவு ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். கடைகளின் இடக்குறிப்பையும் ஓட்ட வரலாற்றையும் எக்செல் தாளாகத் திரும்ப எடுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியாதென்றால் வாங்காதீர்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று நீங்கள் சேர்த்த விபரம் அது.

கிலோமீற்றர் கணக்கை ஓட்டம் ஓட்டமாக வைத்திருங்கள். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, லொறிக்கு 50 என்று தொடங்கினார்கள். 2023 செப்டெம்பர் வரை பங்கீட்டு முறை நீடித்தது. எந்த ஓட்டம் எத்தனை லீற்றர் குடிக்கும் என்று எழுத்தில் இருந்தால்தான் அப்படியான வாரத்தில் எந்தக் கடைகளைத் தாங்கலாம் என்று முடிவெடுக்க முடியும்.

சாரதியோடு

திட்டத்தை இறுதியாக்குமுன் சாரதியிடம் காட்டுங்கள். வரிசையை மாற்ற அவருக்கு உரிமை இருக்கட்டும். மாற்றினால் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். ‘பாலத்தடியில் வீதி வேலை’, ‘முதலாளி காலையில் வயலுக்குப் போய்விடுவார்’ போன்ற அந்த வரிகள்தான் மென்பொருளுக்கு அடுத்து ஏற்றவேண்டிய தரவு. சாப்பாட்டுக்கு அரை மணியைக் கட்டாய நிறுத்தமாகப் பதியுங்கள். நிமிடக் கணக்கில் இறுக்கிய திட்டம் வேகமாக ஓடச் சொல்லும் கட்டளையாகிவிடும். வாகனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி பூட்டினால் அதை எதற்குப் பார்ப்பீர்கள், எதற்குப் பார்க்கமாட்டீர்கள் என்று அவரிடமே முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

படுவான்கரையின் உட்பகுதிகளில் தொலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைக்கவேண்டும். அதோடு, கடைப் பெயர், கடவை, பெட்டி எண்ணிக்கை, வாங்கவேண்டிய கடன், தொலைபேசி இலக்கம் ஆகியவை கொண்ட ஒரு தாளையும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். வலது ஓரத்தில் போய்ச் சேர்ந்த மணியும் மாற்றியதன் காரணமும் எழுத இடம் விடுங்கள். வாகனம் களஞ்சியத்துக்குத் திரும்பியதும் அந்தத் தாளை வாங்கி, அடுத்த நாள் ஏற்றத் தொடங்குமுன் மென்பொருளில் பதிந்துவிடுங்கள்.